பேசாமல் உட்கார்ந்திருந்தவள்

1893 அக்டோபர் 10, செவ்வாய்

மூன்றாவது முறையாக முகத்தைச் சுரண்டி எடுத்தாயிற்று. கான்வாஸில் இப்போது கழுத்தும் ஒரு காதும் மட்டும் மிச்சம். காது அருமையாக வந்திருக்கிறது. காதைப் பார்க்க யாரும் ரயில் ஏறி வரப்போவதில்லை.

சிஸ்கா தரை துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள். "நல்லாத்தானம்மா இருந்துச்சு. அந்தப் பொண்ணு உங்களுக்கு என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாள். நன்றாக இருப்பதுதான் தொல்லை என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? இந்தக் கெண்ட் நகரத்தில் முகத்தை நன்றாக வரைகிறவர்கள் தெருவுக்கு நாலு பேர். கையுறை, கழுத்துப்பட்டி, ரோஜா நிறக் கன்னம். கணவர்கள் வந்து பார்த்து, ஆமாம் இவள்தான் என்று தலையாட்டிவிட்டு எடுத்துப் போவார்கள். பதினைந்து வருடமாக நானும் அதைத்தான் செய்கிறேன்.

போன குளிர்காலத்தில் பிரஸ்ஸல்ஸின் 'ஏழாம் வாசல்' குழு என் படத்தைத் திருப்பி அனுப்பியது. குழுவின் காரியதரிசி ஒக்தாவ், என்னோடு ஒரே ஆசிரியரிடம் படித்தவன். முகத்துக்கு நேரே சொன்னான்: "கோரலி, நீ வீட்டை நல்லாக் கட்டுற. உள்ள ஆள்தான் குடியில்ல."

அவர்கள் மாட்டியிருந்த படங்களில் எந்தப் பெண்ணும் நம்மைப் பார்ப்பதில்லை. நமக்குப் பின்னால் எதையோ பார்க்கிறார்கள். எனக்கு அது வேண்டும். வயது முப்பத்தெட்டு. இந்த வருடம் வரவில்லை என்றால் பிறகு எப்போது?

அக்டோபர் 12, வியாழன்

புது வேலை. லெதெபெர்க்கில் அசேலியாச் செடி வளர்க்கும் போலிடோர் மூர்மன் தன் மனைவியை வரையச் சொல்லியிருக்கிறார். பத்தாவது திருமண நாளாம். இனி வியாழக்கிழமை தோறும் மதியம் வருவாள்.

பெயர் எல்வீர். முப்பத்திரண்டு வயது இருக்கும். கதவைத் திறந்ததிலிருந்து பேச்சு. அவர்களிடம் பதினொரு கண்ணாடிக் கூடங்கள் இருக்கின்றன. எந்தக் கூடத்தில் எந்தப் பூச்சி, இந்த ஆண்டு உறைபனி எப்போது இறங்கும், கணவருக்குச் செடி பற்றி ஒன்றும் தெரியாது, கணக்கு மட்டும் தெரியும். விதையிலிருந்து முளைத்த ஆயிரம் செடிகளில் இதுவரை யாரும் பார்க்காத நிறத்தில் பூக்கப்போகும் ஒன்றைப் பொறுக்கி எடுப்பது இவள் வேலை. "ஆயிரத்துல ஒன்னுதாங்க. மீதி எல்லாம் உரக்குழிக்கு" என்றாள் பெருமையாக.

நான் கதவில் ஒட்டியிருக்கும் அட்டையைக் காட்டினேன். அமர்வின்போது பேசக்கூடாது. இது என் பழைய விதி. வாய் அசைந்தால் முகத்தின் கீழ்ப்பாதி முழுவதும் கலைந்துபோகும்.

அவள் அட்டையைப் படித்துவிட்டு, "மூச்சு விடலாமில்ல?" என்று கேட்டாள்.

அக்டோபர் 19, வியாழன்

பேசவில்லை. ஆனால் அவள் கண்கள் பேசுகின்றன, அதுவும் சந்தைப் பேச்சு. சின்னப் பழுப்புக் கண்கள், எல்லாவற்றையும் நேராகப் பார்க்கின்றன — அடுப்பை, என் கைவிரலை, ஜன்னல் ஓரத்தில் நான் வாடவிட்ட ஜெரானியத்தை. அந்தச் செடியைப் பார்த்தபோது மட்டும் முகத்தில் ஒரு வருத்தம் வந்தது.

இவளிடம் என்ன ஆழம் கிடைக்கும்? தானியத்தைப் பார்க்கும் கோழிபோல் உலகத்தைப் பார்க்கிறாள்.

அக்டோபர் 26

வடக்கு ஜன்னலை மறைத்துக் கெட்டியான பச்சைத் திரை தொங்கவிட்டேன். ஒரே ஒரு விளக்கு, அவளுக்கு இடதுபுறம், தாழ்வாக.

இருட்டில் அரைமணி உட்கார்ந்ததும் ஏதோ நடந்தது. கருமணி விரிந்தது. பழுப்பு சுருங்கிப்போய்க் கண் முழுக்கக் கறுப்பு. பத்து நிமிடம்தான். விளக்கை நோக்கித் திரும்பியதும் மறுபடி மூர்மன் வீட்டு அம்மாள்.

அந்தப் பத்து நிமிடம் எனக்கு வேண்டும்.

நவம்பர் 2, வியாழன்

இறந்தோர் நாள் என்பதால் எல்வீர் வரவில்லை. சிஸ்கா வீட்டிலிருந்து சூடாக ஆன்ம ரொட்டி கொண்டுவந்தாள். ஒன்று தின்றால் ஓர் ஆன்மா கரையேறும் என்று கணக்கு. அவள் ஆறு தின்றாள். "எங்க பக்கம் ஆளுங்க ஜாஸ்தி" என்றாள்.

எனக்குத் தின்ன மனமில்லை. நாலு வருடத்துக்கு முன் ஓர் ஓபெராப் பாடகியை வரைந்தேன். மேடை ஏறுவதற்கு முன், கருமணியை விரியவைக்கும் பெல்லடோனா சொட்டைக் கண்ணில் விட்டுக்கொள்வாள். அப்போதுதான் கடைசி வரிசை வரைக்கும் கண் தெரியும் என்பாள். இத்தாலியப் பெண்கள் முந்நூறு வருடமாகச் செய்வதாம்.

அது நினைவுக்கு வந்ததிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை.

நவம்பர் 4

மருந்துக்கடைக்காரர் கேள்வி கேட்காமல் கொடுத்தார். முதலில் என் கண்ணில் விட்டுப் பார்த்தேன். நான் அவ்வளவு மோசமானவள் இல்லை. எழுத்து மங்குகிறது, வெளிச்சம் கூசுகிறது, வேறொன்றும் இல்லை. கண்ணாடியில் பார்த்தால் யாரோ ஒருத்தி.

நவம்பர் 9, வியாழன்

எல்வீரிடம் சொட்டைப் பற்றிச் சொன்னேன். பயப்படுவாள் என்று நினைத்தேன், சிரித்தாள். "கறி வாங்கப் போகும்போது போட்டுக்கிட்டா கசாப்புக்காரன் எலும்பு கம்மியாப் போடுவானா?" என்றாள். கண்ணுக்கு ஒரு சொட்டு விட்டேன். பிறகு திரை, விளக்கு, மௌனம்.

எப்படி எழுதுவது? அவளால் என்னைச் சரியாகப் பார்க்க முடியவில்லை. அதனால் பார்வை என்மேல் நிற்காமல் என்னைத் தாண்டிப் போயிற்று. அவ்வளவுதான் விஷயம். ஆனால் மூன்று மணி நேரம் தூரிகை தானாக ஓடியது. ஒருமுறைகூடச் சுரண்டவில்லை.

உள்ளே ஆள் குடிவந்துவிட்டது, ஒக்தாவ்!

நவம்பர் 16

இரண்டாம் நாளும் அதே. சீசாவை அவளிடமே கொடுத்துவிட்டேன். வீட்டில் ஒரு சொட்டு விட்டுக்கொண்டு வண்டியில் வந்தால் இங்கே நேரம் மிச்சம்.

கையில் வெள்ளை ஐரிஸ் பூ ஒன்றைப் பிடிக்கச் சொன்னேன். பூவைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அட்டையைக் காட்டினேன். மூடிக்கொண்டாள்.

நவம்பர் 23, வியாழன்

இடைவேளையில் காப்பி குடிக்கும்போது ஒன்று சொன்னாள். சாயங்காலம் தெருவில் எரிவாயு விளக்கு ஏற்றினால் ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் வளையம் தெரிகிறதாம். உள்ளே நீலம், வெளியே சிவப்பு, வானவில்போல. இது எனக்கு மட்டுந்தானா, உங்களுக்கும் தெரியுதா என்று கேட்டாள்.

செடிக்காரி வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை! "எல்லாருக்கும் அது வாய்க்காது" என்றேன். வெட்கப்பட்டுச் சிரித்தாள். நான் உடனே தலைக்குப் பின்னால் மங்கலாக அந்த வளையத்தைப் போட ஆரம்பித்தேன். நீலம் உள்ளே, சிவப்பு வெளியே, அவள் சொன்ன வரிசையிலேயே.

நவம்பர் 30

இரண்டு புருவத்துக்கும் நடுவில் ஒரு சுருக்கம் விழுந்திருக்கிறது. அக்டோபரில் அது இல்லை. மெல்லிய கோடு, ஆனால் முகத்தின் அர்த்தத்தையே மாற்றிவிட்டது. ஏதோ ஒன்றை இழந்து, அதை யாரிடமும் சொல்லாதவள்போல் இருக்கிறாள். வாயும் மாறியிருக்கிறது, உதடு ஒட்டி, கடைவாய் லேசாக இறுகி.

இடது கருமணி வலதைவிடப் பெரியது. முதலில் என் கை பிசகிவிட்டது என்று நினைத்தேன். இல்லை, நிஜமாகவே பெரியது. அப்படியே வரைந்தேன். ஒரு கண் இங்கே, ஒரு கண் அங்கே. இதை யாராலும் கற்பனையில் பிடித்திருக்க முடியாது.

டிசம்பர் 7, வியாழன்

வரவில்லை. கணவரிடமிருந்து சீட்டு: தலைவலி, வாந்தி, நேற்றுப் புனித நிக்கோலாஸ் விருந்தில் எதுவோ ஒத்துக்கொள்ளவில்லை.

எனக்குக் கோபம்தான் வந்தது. இப்படியா ஒருத்தி மிட்டாயைத் தின்று தொலைப்பாள்? கண்காட்சிக்கு நாள் நெருங்கும் நேரத்தில்!

டிசம்பர் 21

முடிந்தது. 'மௌனம்' என்று பெயர் வைத்திருக்கிறேன். திருமண நாளுக்கு முன் கண்காட்சிக்கு அனுப்பப் போலிடோர் சம்மதித்துவிட்டார். மனைவியின் படத்தைத் தலைநகரம் பார்க்கும் என்றால் அவருக்குக் கசக்குமா?

அவர் படத்தின் முன் வெகுநேரம் நின்றார். பிறகு, "இவ இப்பிடி இருப்பாளா?" என்று என்னைக் கேட்டார். பத்து வருடம் கூட வாழ்ந்தவர் என்னைக் கேட்கிறார். எனக்கு உள்ளூர எவ்வளவு பெருமை!

1894 ஜனவரி 15

ஒக்தாவின் கடிதம். ஒரே வரி. "குடிவந்தாச்சு. நடு அறை, தனிச் சுவர்."

சிஸ்காவைக் கட்டிப்பிடித்தேன். அவள் கையில் சாம்பல் வாளி.

பிப்ரவரி 17, சனி. பிரஸ்ஸல்ஸ்

திறப்பு விழா. என் படத்தின் முன்னால் கூட்டம் குறையவே இல்லை. 'துயரத்தின் அரசி' என்றார் ஒருவர். 'மரணத்தை முத்தமிட்டுத் திரும்பியவள்' என்றார் இன்னொருவர். என்னைப் பிடிக்காதவர்கள்கூடத் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்கள்.

மூன்று மணி வாக்கில் ஓர் உயரமான ஆள் வந்தார். மற்றவர்கள் தள்ளி நின்று பார்த்தார்கள். இவர் மூக்கு வண்ணத்தில் ஒட்டும் அளவுக்குப் போனார். டாக்டர் வான் ரீத், கண் மருத்துவர், கெண்டிலேயே மருத்துவமனை வைத்திருக்கிறார். படத்தைப் பாராட்டவில்லை. "இந்தம்மா உயிரோட இருக்காங்களா? அடிக்கடி தலைவலி வருதா?" என்று கேட்டார்.

வரும் என்றேன்.

"இந்த வளையம் உங்க கற்பனையா, அவங்க சொன்னதா?"

அவர்கள் சொன்னது என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. கண்ணுக்குள் நீரழுத்தம் ஏறும் ஒரு நோய் இருக்கிறதாம். கருமணி விரியும், விளக்கைச் சுற்றி வானவில் தெரியும், புருவத்தில் வலி, வாந்தி. திடீரென்று ஒருநாள் முற்றி, இரண்டு நாளில் பார்வையைக் கொண்டுபோய்விடும். "படத்துல எல்லாத்தையும் எழுதி வெச்சிருக்கீங்க. நான் நோயாளிய நேர்ல பார்த்தாக்கூட இவ்வளவு தெளிவாத் தெரியாது" என்றார். உடனே அனுப்பிவைக்கச் சொன்னார். பிறகு போகிற போக்கில் கேட்டார். கண்ணில் ஏதாவது சொட்டு விட்டுக்கொள்கிறார்களா? பெல்லடோனா மாதிரி? இப்படிப்பட்ட கண்ணுக்கு அது விஷம்.

ஒக்தாவ் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். இன்னும் நாலைந்து பேர்.

இல்லை என்று சொன்னேன்.

பிப்ரவரி 18, ஞாயிறு

ஏன் இல்லை என்று சொன்னேன்? வாயில் தானாக வந்தது. இல்லை, தானாக வரவில்லை. மருந்துக்கடைச் சீசாவில் இருந்து வந்த ஆழம் என்று தெரிந்தால் நாளைக்கு எல்லோரும் சிரிப்பார்கள். அதனால்தான் சொன்னேன். இந்தப் புத்தகத்தில்கூடப் பொய் எழுதினால் நான் எங்கே போய் நிற்பது?

எல்வீருக்கு எழுதினேன். டாக்டரின் விலாசம், ஒருமுறை போய்க் கண்ணைக் காட்டுங்கள், அவசரம் ஒன்றும் இல்லை. அவசரம் ஒன்றும் இல்லை என்று எதற்கு எழுதினேன்? சொட்டைப் பற்றி ஒரு வரி இல்லை.

பிப்ரவரி 20

பதில் வந்தது. கண்ணாடிக் கூடங்களில் இப்போது மொட்டு வெடிக்கிற நேரமாம், நகர முடியாது, மார்ச்சில் டாக்டரைப் பார்க்கிறாளாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கணவரோடு கண்காட்சிக்கு வருகிறாள். 'என்னைப் பார்த்தா யாருக்கும் அடையாளம் தெரியாது. அதனால உங்க சொட்டை விட்டுக்கிட்டுத்தான் வருவேன்' என்று எழுதி, பக்கத்தில் இரண்டு பெரிய கறுப்பு வட்டம் வரைந்திருக்கிறாள்.

பிப்ரவரி 21

கடிதம் எழுதினேன். 'சொட்டு விடாதீர்கள், சீசாவைக் கொட்டிவிடுங்கள்.' உறையில் போட்டேன். அனுப்பவில்லை.

பிப்ரவரி 22

இன்று ஒக்தாவின் சேதி. ஞாயிறன்று இரண்டு பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள், படத்தையும் பெண்ணையும் அருகருகே பார்க்க வேண்டுமாம். 'அவளைக் கட்டாயம் வரச்சொல்.'

சின்னப் பழுப்புக் கண்ணோடு அவள் வந்து நின்று பூச்சிமருந்தைப் பற்றிப் பேசினால்?

நவம்பரிலிருந்து எத்தனையோ முறை விட்டிருக்கிறாள். இன்னும் ஒருநாளில் என்ன ஆகிவிடும்? எனக்கு ஒன்றும் ஆகவில்லையே? பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா, கோரலி?

பிப்ரவரி 24, சனி

கடிதம் மேசைமேலேயே இருக்கிறது. சிஸ்கா இரண்டு தடவை, தபால்ல போடவாம்மா என்று கேட்டாள். இரண்டு தடவையும் பேச்சை மாற்றினேன். லெதெபெர்க்குக்கு நடந்தே போகலாம், முக்கால் மணி நேரம்கூட ஆகாது.

பிப்ரவரி 25, ஞாயிறு

வந்தாள். கறுப்பு வெல்வெட் உடுப்பு, இரவுபோல விரிந்த கண்கள். கூட்டம் தானாக விலகி வழி விட்டது. பத்திரிகைக்காரர் ஒருவர் தணிந்த குரலில்தான் பேசினார். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாதே என்று நான் கேட்டுக்கொள்ளவும் இல்லை. இடது புருவத்தின்மேல் இரண்டு விரலை வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். எல்லோரும் அந்தக் கையின் நிலையைப் புகழ்ந்தார்கள்.

அது வலி என்று அந்த அறையில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்.

பிப்ரவரி 27, செவ்வாய்

காலையில் போலிடோரின் வண்டிக்காரன். நேற்று விடியற்காலை எல்வீருக்கு வலி தொடங்கியதாம். சுவரில் தலையை மோதிக்கொண்டாளாம். ஒற்றைத் தலைவலி என்று நேற்று முழுக்க அறையை இருட்டாக்கிப் படுக்கவைத்திருக்கிறார்கள். இன்று இடது கண்ணுக்கு மெழுகுவர்த்திகூடத் தெரியவில்லை. டாக்டர் வான் ரீத்திடம் கொண்டுபோயிருக்கிறார்கள். இதை எனக்குச் சொல்லச் சொன்னவள் எல்வீர்தான். 'அந்தம்மா கவலைப்படுவாங்க.'

கையும் ஓடல, காலும் ஓடல. நான் என்ன பண்ணிட்டேன்? என்ன பண்ணிட்டேன் நான்? மேசைமேல அந்தக் கடுதாசி அப்படியே கெடக்கு.

அதே நாள், மதியம்

போனேன். தொப்பி போடாமல் தெருவில் ஓடியிருக்கிறேன் என்பது மருத்துவமனை வாசலில்தான் தெரிந்தது.

டாக்டர் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார். சொன்னேன் — நவம்பரிலிருந்து, கண்ணுக்கு ஒரு சொட்டு, சீசா அவளிடமே இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமையும் விட்டாள், விடுவாள் என்று எனக்குத் தெரியும். தேதியோடு சொன்னேன். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன்.

"அன்னிக்கே நான் கேட்டேனே" என்றார். அவ்வளவுதான்.

பிறகு உள்ளே போய்த் தாதியிடம், வீட்டிலிருந்து வந்த பையில் சீசா இருக்கிறதா பாருங்கள் என்றார். இருந்தது. வலது கண் சிவந்து போயிருந்ததால் இன்று காலையிலும் அதில் ஒரு சொட்டு விட்டுக்கொண்டிருக்கிறாள். பார்வையைத் தெளிவாக்கும் மருந்து என்று நினைத்தாளாம். என் பேச்சு அரைமணி தாமதித்திருந்தால் மத்தியானம் இன்னொரு சொட்டு விட்டிருப்பாள்.

மார்ச் 1, வியாழன்

அறுவை முடிந்தது. இடது கண் போய்விட்டது. வலது கண்ணுக்கும் கருமணியை ஒட்டி ஒரு சின்னத் துண்டு வெட்டி எடுத்திருக்கிறார்கள். நிற்குமா என்று பத்து நாள் கழித்துத்தான் தெரியும்.

இன்று வியாழக்கிழமை. அவள் நாற்காலி காலியாக இருந்தது.

மார்ச் 3

போலிடோர் வந்தார். உட்காரவில்லை. "செடிக்கு மருந்து அடிக்கிறவன்கூட முதல்ல ஒரு இலையில அடிச்சுப் பாப்பான்" என்றார். என் கண்ணில் விட்டுப் பார்த்தேன் என்று சொல்ல வாய் திறந்தேன். மூடிக்கொண்டேன். அவர் போன பிறகு சிஸ்கா இருவருக்குமாகக் காப்பி ஊற்றினாள். அவளும் ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

மார்ச் 8

பத்திரிகையில் செய்தி வந்துவிட்டது. படத்தின் நாயகி ஒரு கண்ணை இழந்தாள். ஒக்தாவ் எழுதுகிறான்: கூட்டம் இரண்டு மடங்கு, 'மௌனம்' இப்போது தீர்க்கதரிசனமாகிவிட்டது, ஏப்ரல் வரை நீட்டிக்கலாமா?

மதிய ரயிலில் பிரஸ்ஸல்ஸ் போனேன். சுவரிலிருந்து நானே கழற்றினேன். "உனக்குப் பைத்தியமா? இனி இப்பிடி ஒரு படம் உனக்கு அமையாது" என்றான் ஒக்தாவ். அமையக்கூடாது என்றுதான் இருக்கிறேன் என்றேன். சொட்டு விஷயத்தையும் சொன்னேன், அங்கே இருந்த எல்லோர் முன்னாலும். ஒருவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு இவ்வளவு நாள் எப்படிப் பயந்தேன்!

ரயிலில் படத்தை எதிர் இருக்கையில், முகத்தை அந்தப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு வந்தேன்.

மார்ச் 12

வலது கண் நிற்கும். டாக்டர் ஆள் அனுப்பியிருந்தார்.

அழுதேன். சிஸ்கா முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

ஏப்ரல் 19, வியாழன்

கூப்பிட்டாள். படத்தையும் கொண்டுவரச் சொல்லியிருந்தாள். ஐந்தாம் கண்ணாடிக் கூடத்தில், அசேலியாத் தொட்டிகளுக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். இடது கண்ணில் கறுப்புத் துணி. எத்தனையோ நாள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த மன்னிப்பைச் சொல்லத் தொடங்கினேன். "நிறுத்துங்க, முதல்ல படத்தக் காட்டுங்க" என்றாள்.

தொட்டிமேல் சாய்த்து வைத்தேன். வலது கண்ணை வைத்து, நாற்றுப் பார்ப்பதுபோல் ஒரு சாண் தூரத்தில் பார்த்துக்கொண்டே வந்தாள். விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னாள்.

"இந்தச் சுருக்கம் தலைவலி. இந்த வாய், வாந்தி வந்துடக்கூடாதுன்னு பல்லக் கடிச்சது. இது கால் குளிர்ல வெறச்சதால தோள் இப்பிடித் தூக்கியிருக்கு. இந்தப் பூ அடித்தண்டு அழுகல், அன்னிக்கே சொல்ல வந்தேன், நீங்க அட்டையக் காட்டிட்டீங்க."

கடைசியில் விரலை எடுத்தாள். "பொய்யா எதுவும் வரையல நீங்க. எல்லாம் இருந்துச்சு. ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன்ல?" என்றாள்.

என்னை மன்னிப்பீர்களா என்று கேட்டேன்.

"அதைப் பத்தி இன்னும் யோசிக்கல. நாத்துல பாதி இன்னும் பூக்கவே இல்ல, ஒரு கண்ண வெச்சுக்கிட்டு எல்லாத்தையும் பார்த்தாகணும்" என்றாள். பிறகு படத்தைத் திருப்பிச் சுவர்ப்பக்கம் வைக்கச் சொன்னாள். "எங்க வீட்டுக்காரருக்கு ஒரு படம் பாக்கி இருக்கு. மே மாசம் வரேன். ஆனா நான் பேசுவேன்."

ஏப்ரல் 20

பச்சைத் திரையைக் கழற்றினேன். சிஸ்கா அதைத் தரை துடைக்கக் கிழித்துக்கொண்டாள். அறை முழுக்க வெளிச்சம், எங்கே பார்த்தாலும் தூசி. வெளிச்சம்தான் அந்தக் கண்ணுக்கு நல்லது என்று டாக்டரும் சொல்லியிருக்கிறார். அதையும் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

அட்டையையும் கிழித்துவிட்டேன்.

மே 10, வியாழன்

முதல் அமர்வு. வெயிலடித்தும் அடுப்பை மூட்டிவைத்தேன். வந்ததும் முதலில் அடுப்பைப் பார்த்தாள். கண்ணில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். கட்டிக்கொண்டே இருக்கலாமே என்றேன். "எனக்கு அது குறுகுறுங்குது" என்றாள்.

வலது கருமணி இப்போது வட்டமாக இல்லை. மேல்பக்கம் வெட்டுப்பட்டுச் சாவித்துவாரம்போல் இருக்கிறது. அதன் வழியாக என்னையே பார்த்தாள். என்னைத் தாண்டி எதையும் பார்க்கவில்லை. அரைமணி நேரம் அந்தப் பார்வைக்கு முன் என்னால் தூரிகையை எடுக்க முடியவில்லை.

மே 24

கேட்கிறேன். இப்போது என்ன வலிக்கிறது, இந்த இடத்தில் ஏன் சிரித்தீர்கள், இப்போது யாரை நினைத்தீர்கள். சில கேள்விக்குப் பதில் சொல்கிறாள். போன வருடம் அரைமணி நேரம் இருட்டில் உட்காரவைத்தபோதெல்லாம் என்ன நினைத்துக்கொண்டிருந்தாள் என்று கேட்டேன். அதற்கு மட்டும் பதில் இல்லை. "அது எனக்கு" என்றாள்.

ஜூன் 7, வியாழன்

படம் மோசமாகப் போய்க்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு வாரமும் வேறு முகம். ஒக்தாவ் வந்து பார்த்துவிட்டு, என்ன இது, பக்கத்து வீட்டுக்காரி மாதிரி இருக்கிறாளே என்றான். ஆமாம் என்றேன்.

ஜூன் 14, வியாழன்

ஒரு தொட்டியோடு வந்தாள். விதையிலிருந்து முளைத்த ஆயிரத்தில் ஒன்றாம், காலம் தப்பி இப்போது பூத்திருக்கிறது. உள்ளே நீலம் கலந்து ஓரத்தில் சிவப்பு ஓடும் ஒரு நிறம். எனக்கென்று கொண்டுவந்தாள் என்று நினைத்துக் கையை நீட்டினேன். "உங்களுக்கா? அந்த ஜெரானியத்தைக் கொன்னவங்க கையில இதக் குடுப்பேனா?" என்று தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

பிறகு மூன்று மணி நேரம் பேசினாள். பூச்சி, உறைபனி, கணவர் தூக்கத்தில் கூட்டும் கணக்கு, ஒரு கண்ணால் படி இறங்கும்போது கடைசிப் படி எங்கே இருக்கிறது என்று தெரியாத பயம். அதைச் சொல்லும்போது அழுதாள். அழுதுகொண்டே பேசினாள்.

படத்தில் கண் முடிந்துவிட்டது. நெற்றி முடிந்துவிட்டது. தொட்டியும் கையும் ஏறக்குறைய வந்துவிட்டன. வாய் மட்டும் இன்றும் முடியவில்லை. அடுத்த வியாழனும் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.